பனி ஹாக்கி டிராஃப்ட்: இளநிலை வீரர்கள் குறித்த ரசிகர் விவாதம்

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றதும் தரையில் பந்தை வைத்து ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது, பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டை மட்டையால் செலுத்தி ஆடப்படும் பனி ஹாக்கி. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 32 அணிகளைக் கொண்ட தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூன் இறுதியில், இன்னும் எந்த என்.எச்.எல். அணிக்கும் உரிமையாகாத இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை நடத்துகிறது. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஐ.பி.எல். ஏலத்தைப் போல இங்கே பணம் பேசுவதில்லை, வரிசைதான் பேசுகிறது: முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முதலிலும் சாம்பியன் அணி கடைசியிலும் தேர்ந்தெடுக்க, ஏழு சுற்றுகளில் மொத்தம் 224 இடங்கள் நிரப்பப்படுகின்றன. ஓர் அணி ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால், அவருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு அந்த அணிக்கு மட்டுமே உண்டு.

இந்த நாளுக்குப் பல மாதங்கள் முன்பே, எந்த இளைஞன் யாரைவிட மேல், எந்த அணி யாரை எடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வு வரிசையைத் தாங்களே ஊகித்து எழுதும் ‘மாக் டிராஃப்ட்’ பட்டியல்களும், இளநிலை ஆட்டங்களின் காணொளிகளும், லீக்குக்கு லீக் மாற்றிக் கணக்கிடும் புள்ளிவிவர அட்டவணைகளும் இந்த விவாதத்தின் கருவிகள். விளையாட்டு ரசனையின் மற்ற வடிவங்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது: நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றியதல்ல இது, பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் உடலும் ஆட்ட அறிவும் ஐந்தாறு ஆண்டுகளில் எப்படி உருவாகும் என்ற, இன்னும் எவராலும் உறுதியாக விடை சொல்ல முடியாத கேள்வியைப் பற்றியது.

தோற்றம்

1963க்கு முன்பு என்.எச்.எல். அணிகள் இளநிலைக் கழகங்களுக்குப் பணம் கொடுத்து ஆதரித்து, அங்கே ஆடிய சிறுவர்களின் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டன. ‘சி’ படிவம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிறுவனின் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் அந்த ஓர் அணிக்கே கட்டுப்பட்டது. அந்த முறைக்கு மாற்றாக, 1963 ஜூன் 5 அன்று மான்ட்ரியல் நகரின் குயின் எலிசபெத் ஹோட்டலில், அப்போது லீக்கில் இருந்த ஆறு அணிகள் கூடி 21 பேரைத் தேர்ந்தெடுத்தன. முதலாவதாக மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி எடுத்த கேரி மொனஹனுக்கு வயது 16. மூடிய அறைக்குள் நடந்த அந்தக் கூட்டத்தில் ரசிகருக்கு வேலையே இல்லை. பழைய ஆதரவு முறை படிப்படியாக மறைந்து, 1969 அளவில் நல்ல இளைஞர் அனைவரும் டிராஃப்ட் வழியாகவே வரும் நிலை ஏற்பட்டது; 1975இல் லீக் தனக்கென ஒரு மைய ஸ்கவுட்டிங் அலுவலகத்தைத் தொடங்கியது. ஸ்கவுட் என்பவர் ஊர் ஊராகச் சென்று இளநிலை ஆட்டங்களைப் பார்த்து வீரர்களை எடைபோடும் பணியாளர். அவர்களின் மதிப்பீட்டிலிருந்து பிறந்த தரவரிசை வெளியே தெரியத் தொடங்கியதும், அதை ஏற்கவும் மறுக்கவும் ரசிகர்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

பொதுமக்கள் பார்வையில் நடந்த முதல் டிராஃப்ட் 1980இல் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் நிகழ்ந்தது. முதல் தேர்வு உரிமை, கொலராடோ அணியிடமிருந்து கைமாறி வந்ததால், அந்த நகரத்து அணியான கனேடியன்ஸிடமே இருந்தது. உள்ளூர் ரசிகர்கள் பலரின் விருப்பம் டெனி சவார் மீது இருந்தது. கியூபெக்கில் வளர்ந்து, அந்நகரின் இளநிலை அணியிலேயே ஆடி, பிரெஞ்சு பேசிய, உயரம் குறைந்த, மின்னல்போல் திரும்பக்கூடிய, களத்தின் நடுவில் ஆடும் சென்டர் அவர். ஆனால் ரெஜைனா பேட்ஸ் அணிக்காக அந்தப் பருவத்தில் 89 கோல் அடித்திருந்த, உடற்கட்டு மிகுந்த டக் விக்கன்ஹைசரை அணி எடுத்தது. சவார் மூன்றாவது இடத்தில் சிகாகோவுக்குப் போனார். பின்னர் சவார் என்.எச்.எல்.லில் 1,338 புள்ளிகள் குவித்து 2000இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். விக்கன்ஹைசர் 1983 டிசம்பரிலேயே செயின்ட் லூயிஸுக்கு மாற்றப்பட்டு, பல அணிகளில் ஆடி ஓய்வுபெற்று, 1999இல் புற்றுநோயால் 37 வயதில் இறந்தார். ‘பஸ்ட்’, அதாவது எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய தேர்வு, என்ற முத்திரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது நியாயமல்ல. முதலாவதாகத் தன்னை எடுக்கும்படி எந்த இளைஞனும் அணியைக் கேட்பதில்லை. 500க்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடியவரைத் தோல்வி என்று சொல்வதற்கு, அவரைவிட நன்றாக ஆடிய மற்றொருவர் அதே பட்டியலில் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வயதும் வரிசையும்

செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைபவர் அந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறார். இந்த ஒரு தேதி விவாதத்தில் பெரும் பங்கு வகிக்கிறது. ஏனெனில் செப்டம்பர் 16இல் பிறந்தவர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, தன் பட்டியலிலேயே மூத்தவராக, ஏறத்தாழ ஓராண்டு கூடுதல் வளர்ச்சியுடன் நிற்கிறார். எனவே இருவரின் புள்ளிகளை ஒப்பிடும் ரசிகர் முதலில் பார்ப்பது பிறந்த தேதியைத்தான். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்ததால் இரண்டு நாளில் 2015ஐத் தவறவிட்டு, சூரிக் நகரில் தொழில்முறை அணியில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 2016இல் முதலாவதாக டொராண்டோவுக்குத் தேர்வானார். அலெக்சாண்டர் ஒவெச்கினும் 1985இல் அதே செப்டம்பர் 17இல் பிறந்தவர், 2003இல் ஃப்ளோரிடா அணி, லீப் ஆண்டுகளின் கூடுதல் நாட்களைக் கணக்கிட்டால் அவருக்குத் தகுதி உண்டு என்று வாதாடி அவர் பெயரைச் சொல்ல முயன்றது, லீக் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டன் அவரை முதலாவதாக எடுத்தது.

கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் தேர்வு என்றால், தோற்பதில் ஆதாயம் பிறக்கும். அதைத் தடுக்க 1995 முதல் குலுக்கல் நடக்கிறது. எண்ணிட்ட 14 பந்துகளிலிருந்து நான்கு எடுக்கப்படுகின்றன. உண்டாகக்கூடிய 1,001 சேர்க்கைகளில் 1,000 சேர்க்கைகள், பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத அணிகளுக்கு அவற்றின் நிலைக்கேற்பப் பங்கிடப்பட்டிருக்கும். கடைசி அணிக்கு அதிக வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. ஆயினும் தோல்வியை விரும்பும் மனநிலை, ரசிகர் வழக்கில் ‘டேங்கிங்’, முற்றும் ஒழியவில்லை. 2015 மார்ச் 26 அன்று பஃபலோவில், கூடுதல் நேரத்தில் அரிசோனா அணியின் சாம் கேக்னர் கோல் அடித்தபோது, தம் அணி தோற்றதற்காக உள்ளூர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர்; தம் ஊரைப் போலவே ஈரி ஏரிக்கரையில் உள்ள ஈரி நகரில் இளநிலை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த கானர் மெக்டேவிட் தமக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களின் கனவு. பஃபலோ கடைசி இடம் பிடித்து 20 விழுக்காடு வாய்ப்புடன் குலுக்கலுக்குச் சென்றது, 11.5 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த எட்மன்டன் வென்றது. பஃபலோவுக்குக் கிடைத்த ஜாக் ஐக்கல் மிகச் சிறந்த வீரர்தான் என்றாலும், ஒரு பருவம் முழுதும் வேறு பெயரை உச்சரித்துவந்த ஊரில் அவர் இரண்டாவதாகவே வந்து இறங்க வேண்டியிருந்தது.

எதைப் பற்றி வாதம்

வாதத்தின் அடிப்படை அலகு புள்ளி. கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பக் பரிமாற்றத்துக்கு ஒன்று. ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஓர் எடை அல்ல. கனடாவின் மூன்று பெரிய இளநிலை லீக்குகளில் 20 வயது வரையிலானோர் தம்முள் ஆடுகிறார்கள். ஸ்வீடன், ஃபின்லாந்து முதல்தர லீக்குகளில் 17 வயதுப் பையன் முப்பது வயதுக்காரர்களுக்கு நடுவே ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் களமிறங்கி ஒரு பருவத்தில் மூன்று கோல் அடித்தாலே அது பெரிது. இந்தச் சிக்கலுக்கு விடையாக, ஒவ்வொரு லீக்கின் புள்ளியும் என்.எச்.எல். அளவில் எவ்வளவு பெறும் என்று மாற்றிக் காணும் பெருக்கெண் முறையை கேப்ரியல் டெஜார்டான் 2000களில் பரப்பினார். ரசிகர்கள் அதை ஆவலுடன் கையிலெடுத்தனர். அதிலிருந்து எண்ணை நம்புவோர், கண்ணை நம்புவோர் என்ற பிளவும் வளர்ந்தது. கண்ணை நம்புவோர் தரப்பிலும் வலு உண்டு: மூத்த, திறமையான துணையாட்டக்காரர் அருகில் நின்றதால் சேர்ந்த புள்ளிகளையும், தானே உருவாக்கிய புள்ளிகளையும் அட்டவணை பிரித்துக் காட்டாது.

உயரம் நெடுங்கால வழக்கு. குள்ளமானவர் என்று பின்னுக்குத் தள்ளப்பட்ட ஜானி கொட்ரோ 2011இல் 104ஆவதாகவும், பிரேடன் பாயின்ட் 2014இல் 79ஆவதாகவும் எடுக்கப்பட்டு, தமக்கு முன் தேர்வான பலரைவிட மேலே சென்றனர். ரஷ்ய வீரர்கள் குறித்த தயக்கம் வேறு வகை. திறமையில் ஐயமில்லை, தம் நாட்டு ஒப்பந்தம் முடிந்து எப்போது வருவார் என்பதே கேள்வி. 2015இல் 135ஆவதாக மினசோட்டா எடுத்த கிரில் கப்ரிசோவ் 2021இல்தான் முதல் ஆட்டம் ஆடினார். ஆடிய முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார். காத்திருக்கும் பொறுமையும் ஒரு மதிப்பீட்டுத் திறனே என்பதை மினசோட்டா ரசிகர்கள் அந்த ஆறு ஆண்டுகளில் கற்றனர்.

‘சீலிங்’, ‘ஃப்ளோர்’ என்ற இரு சொற்கள் ஏறக்குறைய எல்லா உரையாடலிலும் வரும். எல்லாம் கைகூடினால் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் சீலிங். எதுவும் கைகூடாவிட்டாலும் அவர் தரும் குறைந்த பயன் ஃப்ளோர். கையிலுள்ளோரில் சிறந்தவரை எடுப்பதா, அணியின் உடனடிக் குறையை நிரப்புபவரை எடுப்பதா என்பது மற்றொரு தீராத வழக்கு. தேர்வானவர் அணிக்கு வந்துசேர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்போது இன்றைய குறையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பொருள் குறைவு என்ற முதல் தரப்பின் வாதமே வலிமையானது.

டிராஃப்டுக்குச் சில வாரங்கள் முன்பு நடக்கும் உடற்தகுதிச் சோதனையும் நேர்காணலும் சேர்ந்த ‘கம்பைன்’ முகாம், வாதத்துக்குப் புதுத் தீனி தருகிறது. 2014இல் சாம் பென்னட் என்ற 17 வயது இளைஞரால் அங்கே கம்பியைப் பிடித்துத் தொங்கி, முகவாயைக் கம்பிக்கு மேலே ஒருமுறைகூட உயர்த்த முடியவில்லை. வட அமெரிக்க வீரர்களில் முதலிடம் தரப்பட்டிருந்தவர் அவர் என்பதால் அந்தச் செய்தி கனடா முழுவதும் பரவியது. நான்காவதாக கால்கரி அவரை எடுத்தது. 2025இல் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றவர் இதே பென்னட். உடல்வலிமையால் எதிராளிகளை அஞ்சவைக்கும் ஆட்டமே அவரது அடையாளம்.

டெய்லர், டைலர்

இரு பெயர்களுக்கிடையே ஓர் ஆண்டு முழுதும் வாதம் ஊசலாடியதற்கு 2010 சிறந்த எடுத்துக்காட்டு. வின்ட்சர் அணியின் டெய்லர் ஹாலும் பிளிமத் அணியின் டைலர் செகினும், டெட்ராய்ட் ஆற்றின் இரு பக்கமும் கனடாவிலும் அமெரிக்காவிலுமாக அமைந்த, கார்ப் பயணத் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் ஆடி, ஒன்ராறியோ ஹாக்கி லீக்கில் தலா 106 புள்ளிகளுடன் சமநிலையில் பருவத்தை முடித்தனர். ஹாலுக்கு அது 57 ஆட்டங்களில் வந்தது, செகினுக்கு 63இல். ஹால் பக்கவாட்டில் ஆடும் விங்கர். செகின் களத்தின் நடுவை ஆளும் சென்டர், அந்த நிலையின் வீரர் கிடைப்பது அரிது. மைய ஸ்கவுட்டிங் பட்டியல் செகினை முதலில் வைத்தது. ஹாலோ கனடிய இளநிலைச் சாம்பியன் பட்டமான மெமோரியல் கோப்பையை அணியோடு இருமுறை தொடர்ந்து வென்று, இருமுறையும் தொடரின் சிறந்த வீரரானார். எட்மன்டன் ஹாலை எடுத்தது. டொராண்டோ முந்தைய ஆண்டு ஃபில் கெஸலுக்காக விட்டுக்கொடுத்திருந்த உரிமையைக் கொண்டு பாஸ்டன் செகினை எடுத்தது. தம் அணி விற்ற இடத்தில் வேறு நகரம் செகினைப் பெற்றதை டொராண்டோ ரசிகர்கள் நெடுங்காலம் மறக்கவில்லை. செகின் முதல் பருவத்திலேயே, 2011இல், ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஹால் எட்மன்டனில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்டு, அங்கே 2018இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். இதே டிராஃப்டில் 178ஆவதாக ஆட்டவா எடுத்த மார்க் ஸ்டோன், பின்னாளில் வேகஸ் அணித்தலைவராக 2023இல் கோப்பையை ஏந்தினார். ஓராண்டு வாதத்தில் அவர் பெயருக்கு அநேகமாக இடமே இருக்கவில்லை.

மீண்டும் மான்ட்ரியல்

1980க்குப் பிறகு கனேடியன்ஸ் அணிக்கு முதல் தேர்வு வாய்த்தது 2022 ஜூலை 7இல். டிராஃப்ட் நடந்ததும் அதே நகரில். ஷேன் ரைட் என்ற ஒன்ராறியோ இளைஞர் 15 வயதிலேயே விதிவிலக்குத் தகுதி பெற்று இளநிலை லீக்கில் நுழைந்து, மூன்று ஆண்டுகளாக இந்த நாளின் முதல் பெயர் என்று பேசப்பட்டவர். இடையில் பெருந்தொற்றால் அவருடைய லீக்கின் ஒரு பருவம் முழுவதுமே நடக்கவில்லை என்பதை மதிப்பிட்டவர்கள் எல்லாரும் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. அவருக்கு எதிரே, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏழு கோல் அடித்து, ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்து, தொடரின் சிறந்த வீரரான நெடிய விங்கர் ஜுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி நின்றார். ஃபின்லாந்து முதல்தர லீக்கில் 31 ஆட்டங்களில் அவர் எடுத்தது 10 புள்ளி மட்டுமே. அணி ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரை அறிவித்தது. இரண்டாவதாக நியூ ஜெர்சி மற்றொரு ஸ்லோவாக்கியரான சிமோன் நெமெத்ஸையும், மூன்றாவதாக அரிசோனா லோகன் கூலியையும் எடுக்க, ரைட் நான்காவதாக சியாட்டில் அணிக்குச் சென்றார். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று சியாட்டிலில் ரைட் தன் முதல் என்.எச்.எல். கோலை அடித்தார், எதிரே ஆடிய அணி மான்ட்ரியல் கனேடியன்ஸ்.