பெர்டினாண்ட் (பந்தயக் குதிரை)

பெர்டினாண்ட் (1983–2002) தரோப்ரெட் இனத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பந்தயக் குதிரை. 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்றது. 1987-இல் அந்நாட்டின் ‘ஆண்டின் சிறந்த குதிரை’ விருதைப் பெற்றது. ஜப்பானில் அது இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதாக வெளிவந்த செய்தி, பயன் தீர்ந்த பந்தயக் குதிரைகளுக்கு யார் பொறுப்பு என்ற விவாதத்தைக் கிளப்பியது.

பந்தய வாழ்க்கை

நிஜின்ஸ்கி என்னும் புகழ்பெற்ற குதிரையின் வழிவந்த இக்குதிரைக்குப் பயிற்சியளித்தவர் சார்லி விட்டிங்ஹாம். 16 குதிரைகள் ஓடிய டெர்பியில், உள்வேலியை ஒட்டிய முதல் கதவிலிருந்து புறப்பட்ட பெர்டினாண்ட் நெரிசலில் சிக்கிக் கடைசி இடத்துக்குப் போனது. இறுதி நேர்ப்பாதையில் முன்னே சென்ற குதிரைகளுக்கிடையே வழி கிடைத்ததும், ஜாக்கி பில் ஷூமேக்கர் அதை வேலியோரம் நுழைத்து முந்தினார். அப்போது அவருக்கு வயது 54. டெர்பியை வென்ற ஜாக்கிகளில் அவரே மிக மூத்தவர். மறு ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் அலிஷீபா என்னும் குதிரையை பெர்டினாண்ட் மூக்கு நுனி வித்தியாசத்தில் வென்றது. அதன் மொத்தப் பரிசுத்தொகை ஏறத்தாழ 37.8 லட்சம் டாலர்.

பொலிகுதிரையாக

கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக விடப்பட்டு, 1994-இல் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. தரோப்ரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஆகவே இனச்சேர்க்கைக்கு எத்தனை பெட்டைகள் நேரில் கொண்டுவரப்படுகின்றன என்பதைப் பொறுத்ததே பொலிகுதிரையின் வருமானம். குட்டிகள் பந்தயத்தில் சோபிக்காவிட்டால் பெட்டைகள் வருவது குறையும். தீனியும் லாயமும் வைத்தியமும் மட்டும் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். ஜப்பானின் ஹொக்கைடோவில் முதல் ஆண்டு பெர்டினாண்டிடம் 77 பெட்டைகள் விடப்பட்டன, 2000-இல் பத்துதான். பின்னர் அது குதிரை வியாபாரி ஒருவர் கைக்கு மாறியது. 2002-இல் கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது.

தாக்கம்

1997-இல் எக்செல்லர் என்னும் மற்றொரு நட்சத்திரக் குதிரை சுவீடனில் வெட்டப்பட்டிருந்தது. 2003-இல் பெர்டினாண்டின் கதி தெரியவந்தபின், தேவைப்படாதபோது குதிரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையைச் சிலர் விற்பனை ஒப்பந்தங்களில் சேர்த்தனர். அதே ஆண்டில் மைக்கேல் புளோவன் கென்டக்கியில் ‘ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்’ காப்பகத்தைத் தொடங்கினார். 1997 டெர்பியை வென்ற சில்வர் சார்ம், 2014-இல் ஜப்பானிலிருந்து நாடு திரும்பி அங்கு வந்துசேர்ந்தது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் பெயர்பெற்ற குதிரைகளுக்கே உதவின. அமெரிக்காவின் கடைசி குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டபின்னும் வெட்டுக்கான குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு குட்டியையும் பதிவுசெய்து லாபம் காணும் பந்தயத் துறையே, அக்குதிரையின் முதுமைக்கான செலவையும் ஏற்கவேண்டும் என்பது விமர்சகர்களின் வாதம்.