கல்லுமக்காய் வளர்ப்பு: இரு முறைகளும் மார்க்க நிலையும்

கூத்தாநல்லூரின் நன்னீர்க் குளங்களில் கல்லுமக்காய் வளராது. அதற்கு உப்பு நீர் வேண்டும். ஆனால் கேரளத்திலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் பிள்ளைகளின் தட்டில் அது வருகிறது. எனவே நாம் அறிந்திருப்பது நல்லது.

காசர்கோடு மாவட்டம் படன்னை உப்பங்கழிகளில் 1990களிலிருந்து இச்சிப்பியை வளர்க்கின்றனர். குஞ்சுகளைக் கயிற்றோடு சேர்த்துப் பருத்தி வலையால் சுற்றி நீரில் தொங்கவிடுவர். வலை இற்றுப்போவதற்குள் சிப்பிகள் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தீவனச் செலவில்லை, நீரிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்ணும். மழைநீர் உப்பைக் குறைக்குமுன் அறுவடை செய்துவிடுவர்.

கூட்டு வளர்ப்பில் இக்கயிறுகளை மீன் கூண்டுகளுக்கு அருகில் கட்டுவர். தீவனம், மீன் கழிவு ஆகியவற்றின் நுண்துகள்கள் சிப்பிக்கு உணவாகும்; நீரில் கரைந்த கழிவைக் கடற்பாசி உறிஞ்சும். கனமான கழிவோ கடலடியில் தங்கிவிடும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் சால்மன், சிப்பி, கடற்பாசி மூன்றையும் சேர்த்து வளர்த்துள்ளனர். நம் பாக் விரிகுடாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடல்விரால் கூண்டுகளோடு கடற்பாசியை இணைத்தது.

கழிவுத் துகளை உண்ட சிப்பி கூடுமா? ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டுமே ஹலால். எம்முறையில் வளர்த்தாலும் சிப்பி கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் சிப்பி ஹலால். அசுத்தம் உண்ணும் பிராணியின் இறைச்சியில் வாடையோ ருசியோ மாறினால் மக்ரூஹ். தூய தீவனத்தால் அம்மாற்றம் நீங்கினால் மக்ரூஹ் இல்லை. மாற்றமே இல்லையெனில் தடையில்லை.

உடல்நலமும் அமானிதமே. சிப்பி வடிகட்டும் நீரிலுள்ள கிருமிகள் அதில் சேரும். அறுவடைக்குப் பின் சுத்தமான கடல்நீரில் விட்டுவைத்தால் கிருமிகள் குறையும். உலோக நச்சு எளிதில் போகாது. ஆகவே, எந்த நீரில் வளர்ந்தது எனக் கேட்டு வாங்குவோம்.

ஒரே வீட்டில் இரு மத்ஹபினர் இருந்தால் உண்பவரைப் பழிக்கவோ மறுப்பவரை வற்புறுத்தவோ வேண்டாம். அல்லாஹ் மிக அறிந்தவன்.