மலைக்கு யாரைக் கூட்டிட்டுப் போறது?

ஒருநாள் மலையேற்றம் போகலாம்னு நண்பர்கள்கிட்ட பேச்சை ஆரம்பிச்சுப் பாருங்க. பாதை, சாப்பாடு, வண்டி எல்லாம் அரை மணி நேரத்துல முடிவாயிடும். யாரைக் கூப்பிடறது, யாரை நாசூக்கா கழட்டி விடறதுங்கற இடத்துலதான் இழுக்கும். இது நம்ம காலத்துத் தலைவலின்னு நினைச்சா தப்பு. கிட்டத்தட்ட எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதுக்காக மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கார்.

அவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். மலை, தெற்கு பிரான்சில் இருக்கிற மோன் வாந்தூ. உயரம் சுமார் 1,910 மீட்டர். சின்ன வயசுலேர்ந்து அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவர். லிவி எழுதின ரோமானிய வரலாற்றுல, மாசிடோனிய அரசன் பிலிப் ஒரு மலை உச்சிக்கு ஏறின கதையைப் படிச்சதும், 'சரி, நாமளும் கிளம்பிட வேண்டியதுதான்'னு முடிவு பண்ணினாராம்.

அப்புறம்தான் ஆள் தேடும் படலம். ஒருத்தன் ரொம்ப மெதுவு, இன்னொருத்தன் அவசரக்காரன். ஒருத்தன் உம்மணாமூஞ்சி, இன்னொருத்தன் அளவுக்கு மீறி குஷி. ஒருத்தன் குண்டு, இன்னொருத்தன் நோஞ்சான். வீட்டுல இருக்கும்போது அன்பு எல்லாத்தையும் பொறுத்துக்கும், பயணத்துல அதே குறை பாரமாயிடும்னு எழுதறார். ரெண்டு நாள் ஒண்ணா பயணம் போனவங்களுக்கு இது புரியும் :-) கடைசியில தம்பி கெரார்தோவைத்தான் கூட்டிக்கிட்டார்.

திட்டம் எளிமையானதுதான். அடிவாரத்துல மலோசேன் ஊருக்குப் போய்ச் சேர்றது, ஒருநாள் ஓய்வு, மறுநாள் ரெண்டு வேலைக்காரர்களோட ஏறி, அன்னிக்கே இறங்கிடறது. கடிதத்துல இருக்கிற தேதி 1336 ஏப்ரல் 26.

வழியில ஒரு கிழட்டு இடையர் தடுக்கறார். 'அம்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் ஏறினேன், உடம்பும் துணியும் கிழிஞ்சதுதான் மிச்சம்'ங்கறார். இவங்க கேட்கலை. கூடுதல் துணிமணிகளை அவர்கிட்டயே விட்டுட்டு ஏறறாங்க. தம்பி செங்குத்தா நேரே மேல போறார். அண்ணன் சுலபமான வழி தேடி பள்ளத்துல இறங்கி, சுத்தி, களைச்சுப்போறார். ஒரு தடவை பட்டும் புத்தி வரலை, திரும்பத் திரும்ப அதே கதை.

உச்சியில காலுக்குக் கீழே மேகம். தூரத்துல ஆல்ப்ஸ் மலை, ரோன் நதி. கையோட கொண்டுபோன புனித அகஸ்டீன் புத்தகத்தைப் பிரிச்சா, மலையையும் கடலையும் வியக்கிற மனுஷன் தன்னையே மறந்துடறான்னு கண்டிக்கிற பகுதி கண்ணுல படுது. இறங்கும்போது மனுஷன் வாயே திறக்கலை.

இப்போ ஒரு சிக்கல். சத்திரத்துக்குத் திரும்பி, வேலைக்காரர்கள் ராச்சாப்பாடு தயார் பண்ற நேரத்துல கடிதத்தை எழுதினதா பெட்ரார்க் சொல்றார். ஆனா நம்ம கையில இருக்கிற வடிவம் 1353 வாக்கில் எழுதினதுன்னு ஆய்வாளர்கள் பலர் கருதறாங்க. கடிதம் போய்ச் சேர வேண்டிய துறவி டியோனிஜி 1342லயே செத்துப்போயிட்டார். தம்பி 1343ல் துறவியாயிட்டார். அப்படின்னா 'நேர்வழி போன தம்பி, சுத்திவளைச்ச அண்ணன்' என்பதே பின்னாடி யோசிச்சு வச்ச உவமையா இருக்கலாம்.

அப்போ மலையே ஏறலையா? ஏறியிருப்பார்னுதான் எனக்குத் தோணுது. நண்பர்கள் ஒவ்வொருத்தரையும் எடை போட்டுக் கழிச்ச அந்தப் பட்டியல்ல, நிஜமாவே கிளம்பினவனோட அவஸ்தை இருக்கு.

இன்னொண்ணும் கவனிச்சேன். 'இவன் மெதுவு'ன்னு நண்பனைக் கழட்டி விட்டவர்தான், மலையில எல்லாரையும் காக்க வச்சவர். அதை மறைக்காம அவரே எழுதியும் வச்சிருக்கார்.

அடுத்த தடவை ஆள் பட்டியல் போடும்போது, அந்த மெதுவான நண்பனையும் சேர்த்துக்கலாம்னு இருக்கேன். அவன் என்னைக் கழட்டி விடாம இருந்தா சரி :-)