ஜென் வினாவிடை மரபு

ஜென் பௌத்தத்தில் மாணவர் கேட்பதும், ஆசிரியர் சொல்லாலோ செயலாலோ மௌனத்தாலோ விடை தருவதும் தனியொரு பயிற்சிமுறையாக வளர்ந்தன. இந்த உரையாடலை ஜப்பானியர் ‘மோண்டோ’ என்பர். புகழ்பெற்ற உரையாடல்கள் பிற்கால மாணவர்களுக்குத் தியானப் பொருளாகத் தரப்பட்டபோது அவை ‘கோஆன்’ எனப்பட்டன. ஆன்மா இல்லை என்றால் மறுபிறவி யாருக்கு, ஆசையை விட வேண்டும் என்று ஆசைப்படலாமா, புத்தர் கடவுளா, எப்படி உட்கார வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். இவற்றில் பல புத்தர் காலத்திலேயே கேட்கப்பட்டவை. ஜென் ஆசிரியர்களின் பதில்கள் கேள்வியைத் தட்டிக் கழிப்பவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. கேள்விகளை வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி விடை தந்த பழைய இந்திய பௌத்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக அவற்றைப் படித்தால்தான் அவை விளங்கும்.

இந்திய வேர்கள்

பாலி மொழியிலுள்ள அங்குத்தர நிகாயம் கேள்விகளை நான்காகப் பிரிக்கிறது. நேராகப் பதில் சொல்ல வேண்டியவை, பகுத்துச் சொல்ல வேண்டியவை, எதிர்க்கேள்வி கேட்க வேண்டியவை, விட்டுவிட வேண்டியவை. இதே பகுப்பு தமிழில் மணிமேகலையின் இறுதிக் காதையில் இருக்கிறது. காஞ்சியில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள் துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்று நான்குக்கும் பெயர் தந்து, எடுத்துக்காட்டும் தருகிறார். தோன்றிய பொருள் அழியுமா என்றால் அழியும் என்று துணிந்து சொல்லலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால், பற்று அற்றவனா அறாதவனா என்று பிரித்துத்தான் சொல்ல முடியும். பனை முந்தியதா, அதன் முட்டையாகிய விதை முந்தியதா என்று கேட்பவரிடம் எந்த விதை, எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். வானத்துப் பூ பழையதா புதியதா என்ற கேள்விக்கு வாய் திறக்கக் கூடாது. இல்லாத பூவைப் பற்றி எந்தப் பதில் சொன்னாலும் அது இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜென் கதைகளைப் படிக்கத் தொடங்கும் தமிழருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

நான்காம் வகைக்குப் பெயர்போனவர் மாலுங்கியபுத்தர் என்ற துறவி. உலகம் நிலையானதா, அதற்கு எல்லை உண்டா, உயிரும் உடலும் ஒன்றா, ததாகதர் எனப்படும் புத்தர் இறந்தபின் இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காவிட்டால் துறவையே விட்டுவிடுவேன் என்று புத்தரிடம் நிற்கிறார். நஞ்சு தோய்ந்த அம்பு பாய்ந்த ஒருவன், எய்தவனின் குலமும் ஊரும் வில்லின் வகையும் தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் அதற்குள் செத்துப்போவான் என்று புத்தர் மறுமொழி சொல்கிறார். வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி ஆன்மா உண்டா என்று கேட்டபோதும், இல்லையா என்று கேட்டபோதும் புத்தர் பேசவில்லை. வச்சகோத்தர் எழுந்து போனபின் புத்தர் தம் சீடர் ஆனந்தருக்குக் காரணம் சொன்னார்: உண்டு என்றால் நிலைவாதமாகும், இல்லை என்றால், முன்பு இருந்த ஆன்மா இப்போது போய்விட்டதே என்று ஏற்கெனவே குழம்பியிருந்த அந்த மனிதர் மேலும் குழம்பியிருப்பார். இந்த மௌனத்தில் கேட்டவர் மீதான அக்கறை இருக்கிறது. பிற்கால ஜென்னைப் பற்றிப் பேசும் பலர் இந்த அக்கறையை மறந்துவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆசையைப் பற்றிய கேள்விக்கு கௌசாம்பியில் ஒரு விடை உண்டு. ஆசையை விடுவதற்கான வழியிலேயே ஆசை ஒரு படியாக இருந்தால் இது முடிவற்றது ஆகாதா என்று உண்ணாபர் என்ற பிராமணர் ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: இந்தக் கோசித ஆராமத்துக்கு வர வேண்டும் என்ற ஆசை முன்பு உமக்கு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்தபின் அது எங்கே? அடங்கிவிட்டது. மூன்றாம் வகைக்கு இது நேர்த்தியான மாதிரி; கேட்டவர் வாயிலிருந்தே விடை வருகிறது.

சீனத்தில் ஜென் பிறந்த கதை

தியானம் என்ற சொல் சீனத்தில் சான் என்றும், கொரியாவில் சொன் என்றும், வியட்நாமில் தியென் என்றும், ஜப்பானில் ஜென் என்றும் வழங்கலாயிற்று. மரபுப்படி இந்த நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்றவர் போதிதர்மர். அவர் தமிழரா என்ற கேள்வி தமிழ்நாட்டில் அடிக்கடி எழுவதுதான். 2011-இல் வந்த ‘7ஆம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் அது வீட்டுக்கு வீடு போயிற்று. சான்றுகள் இவ்வளவே. 547-இல் யாங் ஷுவான்ஜி லோயாங் நகர விகாரைகளைப் பற்றி எழுதிய நூலில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்த முதியவராக, யோங்நிங் விகாரையின் கோபுரத்தைக் கண்டு வியந்து நிற்பவராக வருகிறார். அந்தக் கோபுரம் 516-இல் எழுந்து 534-இல் எரிந்துபோனது. எனவே அவர் அங்கு நின்ற காலத்தை ஓரளவு கணிக்க முடிகிறது. அவருடைய மாணவர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின், அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645-இல் முதன்முதல் தொகுக்கப்பட்ட தாவ்ஷுவானின் துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்திய பிராமணர் என்கிறது. காஞ்சியும் பல்லவரும் இந்தப் பழைய நூல்களில் இல்லை. அவை பிற்கால ஊகம். ஆனால் ஊகத்துக்கு இடம் தரும் அளவுக்குக் காஞ்சி பெரிய பௌத்த நகரமாக இருந்தது உண்மை. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். போதிதர்மர் ஷாவ்லின் மடத்தில் போர்க்கலை கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டினது. அதை நம்ப முடியாது.

போதிதர்மரின் மாணவர் ஹுய்கே, தன் மனத்துக்கு அமைதி இல்லை என்று முறையிட்டதாகவும், அந்த மனத்தை எடுத்து வா, அமைதிப்படுத்துகிறேன் என்று குரு கேட்டதாகவும், தேடியும் அது அகப்படவில்லை என்று மாணவர் சொன்னதாகவும் ஒரு கதை. இதில் மர்மம் ஏதுமில்லை. உண்ணாபரிடம் ஆனந்தர் கையாண்ட அதே எதிர்க்கேள்விதான்.

தெற்கே குவாங்டோங் பகுதியில் விறகு விற்றுப் பிழைத்த ஹுய்னெங் (638–713), ஹோங்ரென் என்ற ஆசிரியரைத் தேடி வந்தபோது, தெற்கத்திக் காட்டுமிராண்டி எப்படிப் புத்தனாக முடியும் என்று கேட்கப்பட்டாராம். மனிதருக்கு வடக்கு தெற்கு உண்டு, புத்த இயல்புக்கு இல்லை என்றார் அவர். எழுத்தறியாத அவரே சான் மரபின் ஆறாம் குருவானார் என்று அவர் பெயரில் வழங்கும் மேடைச் சூத்திரம் சொல்கிறது. அந்தக் கதையின் பெரும்பகுதி, 730-களில் ஹுய்னெங் பக்கம் நின்று வடபுலச் சான் பிரிவினரோடு மோதிய ஷென்ஹுய் என்ற துறவியின் தரப்புக்குச் சாதகமாக உருவானது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. டுன்ஹுவாங் குகையில் 1900-இல் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளும், அவற்றில் ஷென்ஹுய்யின் எழுத்துகளைச் சீன அறிஞர் ஹூ ஷி 1926-இல் பாரிஸில் அடையாளம் கண்டதும் இந்த வரலாற்றையே மாற்றி எழுத வைத்தன. கதை வரலாறு ஆகாவிட்டாலும் கதையில் வரும் அந்தப் பதிலின் மதிப்பு குறையவில்லை.

மாசூ (709–788), அவருக்குப் பின் லின்ஜி (இறப்பு 866), தெஷான் ஆகிய சான் ஆசிரியர்களின் காலத்தில் அதட்டலும் அடியும் பதிலாயின. மடங்களில் உழைப்பு கட்டாயமாயிற்று. வேலை செய்யாத நாளில் உணவில்லை என்ற நெறி பாய்ஜாங் என்ற ஆசிரியரின் பெயரோடு வழங்குகிறது. 845-இல் பேரரசர் வூஸோங் 4,600-க்கும் மேற்பட்ட மடங்களை இடித்து, 2,60,500 துறவியரை இல்லறத்துக்குத் திருப்பிய ஒடுக்குமுறையில் நகரத்துப் பெருமடங்கள் நிலைகுலைந்தன. ஊர்ப்புறத்தில் வயலில் உழைத்து உண்ட சான் மடங்கள் எழுந்து நின்றன. பெண்களுக்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு மோஷான் லியாவ்ரான் என்ற பிக்குணியின் பெயர் போதும். அவரைச் சோதிக்க வந்த குவான்ஷி என்ற துறவி, விவாதத்தில் பணிந்து மூன்றாண்டுகள் அவர் மடத்தில் தோட்ட வேலை செய்தார் என்கின்றன மடத்துப் பதிவுகள்.

ஜாவ்ஜோ (778–897) இந்த முரட்டுக் காலத்திலும் மெல்லப் பேசியவர். புதிதாகச் சேர்ந்த ஒரு துறவி உபதேசம் கேட்டு அவர் முன் நின்றார். காலைக் கஞ்சி குடித்தாயா என்றார் ஜாவ்ஜோ. குடித்தேன் என்றார் துறவி. அப்படியானால் போய்க் கிண்ணத்தைக் கழுவு என்றார். தொடக்கக் கேள்விக்கு ஜென் தந்த விடைகளில் இதற்கு இணையானது இல்லை. மடத்தில் கஞ்சிக் கிண்ணம் பிக்ஷாபாத்திரத்துக்கு நிகரானது. குடித்ததும் அவரவரே கழுவித் துடைத்துத் துணியில் கட்டி வைக்க வேண்டும். அடுத்துச் செய்ய வேண்டிய வேலையையே அவர் சொன்னார். உபதேசம் வேறெங்கோ இருக்கிறது என்ற நினைப்பு அத்தோடு விழுந்தது. நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்றார். இன்னொரு துறவிக்கு உண்டு என்றார் என்றும் ஒரு பதிவு உண்டு. கேட்பவரைப் பார்த்துச் சொல்லும் விடை இது.

உரையாடல் நூலானபோது

சோங் அரசமரபுக் காலத்தில் மரப்பலகை அச்சு பரவியதும் இந்த உரையாடல்கள் தொகுக்கப்பட்டன. 1004-இல் தாவ்யுவான் தொகுத்த விளக்கு வரலாறு, யுவான்வூ (1063–1135) விளக்கம் எழுதிய நூறு உரையாடல்கள், 1228-இல் வூமென் வெளியிட்ட நாற்பத்தெட்டு உரையாடல்கள் ஆகியவை முக்கியமானவை. வூமென் நூலின் முதல் உரையாடலே நாயும் புத்த இயல்பும்தான். புத்தர் கழுகுமலையில் மலர் ஒன்றை உயர்த்திக் காட்ட, மகாகாசியபர் மட்டும் புன்னகைத்தார் என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியும் சோங் காலச் சீன நூல்களில்தான் பரவியது. இந்தியாவின் பழைய நூல்களில் இல்லை.

அச்சு ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. மாணவர்கள் பதில்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினர். தாஹுய் (1089–1163) தம் குருவான யுவான்வூவின் நூலின் அச்சுப் பலகைகளையே எரித்தார் என்பர். ஒரே சொல்லை இரவும் பகலும் பற்றிக்கொண்டு ஐயத்தைப் பெருக்கும் முறையை அவர் வளர்த்தார். ஹோங்ஜி (1091–1157) கோஆனை நம்பாமல் அமைதியாக அமர்வதை வலியுறுத்தினார். இன்று ரின்சாய், சோட்டோ என்று பிரிந்து நிற்கும் இரு வழிகளின் வேறுபாடு இங்கே தொடங்குகிறது. கொரியாவில் ஜினுல் (1158–1210) தாஹுய்யின் முறையை ஏற்றார். அது இன்றும் அங்கே முதன்மையானது.

ஜப்பான்

எய்சாய் 1191-இல் சீனத்திலிருந்து ரின்சாய் நெறியைக் கொண்டுவந்தார். டோகென் (1200–1253) ஹியெய் மலையில் சிறுவயதிலேயே ஒரு கேள்வியில் சிக்கினார்: எல்லா உயிருக்கும் புத்த இயல்பு ஏற்கெனவே உண்டென்றால், புத்தர்கள் எதற்காகப் பயிற்சி செய்தார்கள்? யாரிடமும் நிறைவான விடை கிடைக்கவில்லை. 1223-இல் சீனம் சென்றார். நிங்போ துறையில் கப்பலில் தங்கியிருந்தபோது அறுபத்தொரு வயதுத் துறவி ஒருவர் காளான் வாங்க ஏறி வந்தார். ஆயுவாங் மலை மடத்தின் சமையல் பொறுப்பாளர் அவர். மறுநாள் விழாவுக்கு நூடுல்ஸ் சமைக்க நல்ல சரக்கு இல்லையென்று அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். இரவு தங்கிப் பேசலாமே என்றார் டோகென். தான் இல்லாவிட்டால் சமையல் கெடும் என்றார் முதியவர். இந்த வயதில் உட்கார்ந்து தியானம் செய்யாமல், பழைய ஆசிரியர்களின் சொற்களைப் படிக்காமல் ஏன் சமையலறையில் கிடக்கிறீர்கள் என்று கேட்டார் இளைஞர். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல மனிதருக்குப் பயிற்சி என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று முதியவர் சிரித்துவிட்டார். டோகென் வெட்கினார். 1237-இல் சமையல் பொறுப்பாளருக்காக எழுதிய நூலில் இதைத் தாமே பதிவு செய்தார். பயிற்சி வேறு, விழிப்பு வேறு அல்ல என்ற அவருடைய முடிவு, ஹியெய் மலைக் கேள்விக்கான விடையாகவும் நின்றது.

எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு அவர் எழுதிய குறிப்பே சோட்டோ மடங்களுக்கு இன்றும் அடிப்படை. கனத்த மெத்தை, அதன்மேல் உருண்டைத் திண்டு; முழுத் தாமரை அல்லது அரைத் தாமரை இருக்கை; நிமிர்ந்த முதுகு; திறந்த கண்கள். சோட்டோவில் சுவரைப் பார்த்தும் ரின்சாயில் பொதுவாக ஒருவரையொருவர் பார்த்தும் அமர்வர். எண்ணங்களை நிறுத்துவதா என்று எல்லாப் புதியவர்களும் கேட்பர். நிறுத்த முயல்வதும் ஓர் எண்ணமே என்பதால், மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, தவறினால் மீண்டும் ஒன்றில் தொடங்கச் சொல்வார்கள். ஹகுயின் (1686–1769) சிதறிக் கிடந்த ரின்சாய் பயிற்சியை உயிர்ப்பித்தார். ஒற்றைக் கையின் ஓசை என்னும் கேள்வி அவருடையது. கோஆனைப் படிவரிசையில் தரும் இன்றைய முறை அவருடைய சீடர் வழியில் உருவானது.

மேற்கிலும் தமிழ்நாட்டிலும்

1893-இல் சிகாகோ சமயப் பேரவையில் ஷாகு சோயென் பேசினார். அவருடைய மாணவர் டி. டி. சுசுகி (1870–1966) எழுதிய ஆங்கில நூல்கள் ஜென்னை உலகெங்கும் கொண்டுசென்றன. 1959-இல் சான்பிரான்சிஸ்கோ வந்த ஷுன்ரியு சுசுகியின் உரைத்தொகுப்பு 1970-இல் வெளியானது. தொடக்கநிலை மனத்தையே அது உயர்வாகப் பேசியது. 1965-இல் ஃபிலிப் கேப்லோ, யசுதானி ஆசிரியர் புதியவர்களுக்குத் தந்த அறிமுக உரைகளையும், மூடிய அறையில் நடக்கும் தனிச் சந்திப்புகளின் உரையாடல்களையும் அச்சிட்டார். புதியவர்களுக்கு இதனால் கிடைத்த தெளிவு பெரிது. 1997-இல் பிரையன் விக்டோரியா, ஜப்பானியப் போருக்கு ஜென் தலைவர்கள் பலர் தந்த ஆதரவை ஆவணங்களோடு காட்டினார். பஞ்சசீலத்தைக் கைவிட்டு விழிப்பை மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. ஜென்னில் நன்மை தீமை கிடையாதாமே என்று கேட்கும் புதியவருக்கு முதலில் காட்ட வேண்டிய நூல் அதுதான்.

மதம் மாற வேண்டுமா என்ற கேள்விக்குக் காமகுராவில் யமதா கோஉன் (1907–1989) நடைமுறையில் பதிலளித்தார். கத்தோலிக்கக் குருமார், கன்னியர் பலர் தம் சமயத்தில் இருந்தபடியே அவரிடம் பயின்றனர். அவர்களில் ஒருவர் பர்மாவில் பிறந்த தமிழரான இயேசு சபைத் துறவி ஆமா சாமி. 1982-இல் கற்பிக்கும் அனுமதி பெற்று, 1996-இல் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவினார். பல நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே அமர்ந்து பயில்கிறார்கள்.