1907 மாதிரி பயனெட்: மாற்றங்களின் வரலாறும் போலியை அறியும் முறையும்

பழைய போர்க்கருவிகளைச் சேகரிப்போரிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே, எந்தத் திருத்தமும் காணாமல் இருப்பதே அசல். கை வைக்கப்பட்டது எதுவும் ஐயத்துக்குரியது என்பதே அந்த நம்பிக்கை. பிரிட்டிஷ் தரைப்படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்காக உருவான 1907 மாதிரி பயனெட்டின், அதாவது துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியின், வரலாறு இதற்கு நேர்மாறான முடிவைத் தருகிறது. படையதிகாரிகள் இக்கத்தியில் செய்த மாற்றங்களுக்குக் காலவரிசை உண்டு. அவற்றின் தடயங்கள் உலோகத்திலேயே பதிந்துள்ளன. அந்த வரிசையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே போலியை இனங்காணும் நம்பகமான வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

இக்கத்தி பிறந்த காரணத்திலிருந்து தொடங்கலாம். 1903-இல் ஏற்கப்பட்ட குட்டை லீ-என்ஃபீல்டு, முந்தைய நீளத் துப்பாக்கியைவிட ஏறத்தாழ 5 அங்குலம் குறைந்தது. அதற்கென வந்த 1903 மாதிரி பயனெட்டின் அலகோ 12 அங்குலமே. பிற நாட்டுப் படைகளின் நீண்ட துப்பாக்கிகளுக்கு எதிரே பிரிட்டிஷ் வீரனுக்கு எட்டும் தூரம் போதாது என்ற கவலை எழுந்தது. ஜப்பானியரின் 30ஆம் வகை பயனெட்டை முன்மாதிரியாகக் கொண்டு, 17 அங்குல அலகும், எதிரியின் கத்தியைச் சிக்கவைப்பதற்கான வளைந்த கொக்கியும் உடைய புதிய கத்தி வடிவமைக்கப்பட்டு, 1908 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அலகின் அடிப்பகுதியில் காணும் ‘1907’ என்ற எண் மாதிரியின் ஆண்டைக் குறிப்பது. செய்த ஆண்டு அன்று. செய்த மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் அதன் கீழே தனியாகப் பொறிக்கப்பட்டன. ‘1907-இல் செய்தது’ என்று ஒருவர் விற்க முன்வந்தால், அவருக்கு அந்த முத்திரையைப் படிக்கத் தெரியவில்லை, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று அவர் நம்புகிறார்.

அடுத்து வந்த இரண்டு மாற்றங்களே முதன்மையான கால அடையாளங்கள். கொக்கியால் களத்தில் பயனைவிட இடைஞ்சலே மிகுதி என்று கண்டு, 1913-இல் அதை நீக்க முடிவாயிற்று. புதியவை கொக்கியின்றி வந்தன. வழக்கில் இருந்தவற்றின் கொக்கிகளைப் படைக்கலப் பட்டறைகள் படிப்படியாக அறுத்தெறிந்தன. பிடியின் முனையில் துப்பாக்கியோடு பொருந்தும் பள்ளத்தில் சேறும் மசகும் அடைத்துக்கொண்டதால், அவற்றை வெளியே தள்ள 1916-இல் ஒரு துளை சேர்க்கப்பட்டது. பழைய கத்திகளிலும் பின்னர் இத்துளை இடப்பட்டது. முதல் உலகப் போரில் வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல் முதலிய நிறுவனங்களும் அமெரிக்காவின் ரெமிங்டனும் இக்கத்தியைப் பெருமளவில் செய்தன. பிரிட்டனுக்கு வெளியே ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் வங்காளத்தின் ஈசாப்பூரிலும் இருந்த அரசு ஆலைகளும் செய்தன.

கொக்கி அறுபட்டதால் கொக்கியுள்ளவை அரிதாயின. அருமை விலையை ஏற்றியது. விலை போலியை வரவழைத்தது. மலிவாகக் கிடைக்கும் பிற்காலக் கத்தியில் கொக்கியை ஒட்டவைப்பதே மிகப் பரவலான மோசடி. கால வரிசை இங்கு உடனே கைகொடுக்கிறது. 1916 தேதியிட்ட வில்கின்சன் கத்தியிலோ, 1915-க்கு முன் உற்பத்தியே தொடங்காத ரெமிங்டன் கத்தியிலோ கொக்கி இருந்தால் வேறு சான்று தேவையில்லை. தேதி பொருந்தினாலும் அடுத்த சோதனை உண்டு. அசல் கொக்கி, பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள குறுக்குக்காப்போடு ஒரே துண்டாக அமைந்தது. பற்றவைத்த கொக்கியிலோ இணைப்பிடத்தில் நிற மாற்றமும், அரத்தால் ராவிய கீறலும், இருபுறமும் ஒவ்வாத தேய்மானமும் காணப்படும்.

ஒவ்வாமை எதுவாயினும் அது மோசடிதானா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொக்கியும் துளையும் ஒரே கத்தியில் இருந்தால் புதியவர்கள் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கொக்கி அறுபடாமல் தப்பிய கத்தியில் பின்னாளில் துளை மட்டும் இடப்பட்டிருக்கலாம். எனவே அந்தச் சேர்க்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் 17 அங்குல அலகுகள் 12 அங்குலமாகக் குறைக்கப்பட்டதும் இத்தகையதே. முதல் போர்க்கால முத்திரையும், நுனிவரை ஓடும் நீள்பள்ளமும் உள்ள குட்டை அலகைச் சிதைக்கப்பட்ட பொருளாகக் கருதுவோர் உண்டு. உண்மையில் அது இன்னொரு போருக்காக அரசே செய்த திருத்தத்தின் ஆவணம். எனவே ஒவ்வாமையைக் கண்டதும் எழ வேண்டிய கேள்வி, இத்தகைய மாற்றத்தை எந்தப் படையாவது எப்போதாவது செய்ததா என்பதே. துளையிட்டதற்கும் அலகைக் குறைத்ததற்கும் விடை உண்டு. 1916 கத்திக்குக் கொக்கி வைத்ததற்கு இல்லை.

உறையின் நிலை சற்று வேறு. தோல் உறை எளிதில் கெடும். எனவே படையிலேயே கத்தியும் உறையும் பலமுறை மாறின. உறையின் தோலில் செய்தவர் பெயரும் தேதியும் தனியே பதிக்கப்படுவது வழக்கம். அவை கத்தியின் தேதியோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சற்றுப் பிற்பட்ட உறை, பணியில் இருந்த கத்திக்கு இயல்பானது. ‘பிறந்த நாள் முதல் ஒன்றாகவே இருந்த இணை’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதே ஐயத்துக்குரியது. பெரும்பாலும் அந்த இணையைச் சேர்த்து வைத்தவர் வணிகரே.

போலி செய்வோரும் இந்தக் கால வரிசையை அறிவார்களே, சரியான தேதியை அவர்களும் பொறிக்க மாட்டார்களா என்பது வலுவான மறுப்பு. தேதி ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது என்பதே அதற்கு விடை. அரச முத்திரை ஏழாம் எட்வர்டினுடையதா, 1910 மே மாதத்தில் அவர் மறைந்த பின் வந்த ஐந்தாம் ஜார்ஜினுடையதா; மகுடத்தின் கீழ் எண்ணும் எழுத்தும் கொண்ட ஆய்வாளர் முத்திரைகள், அலகை வளைத்துச் சோதித்ததைக் குறிக்கும் பெருக்கல் குறி, அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறி ஆகியவை உரிய இடத்தில் உள்ளனவா; எல்லாம் ஒரே அளவு தேய்ந்துள்ளனவா என்று ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும். நூறாண்டு கைபட்ட உலோகத்தில் புதிதாக அடித்த முத்திரையின் விளிம்பு கூர்மையாக மேலெழுந்து நிற்கும். அதை மறைக்க ராவினால் சுற்றியுள்ள பரப்பு மெலியும். ஒரு பொய்யைக் காக்கப் பல பொய்கள் தேவைப்படுவதால், கைதேர்ந்த போலியும் எங்கேனும் ஓரிடத்தில் பிசகுகிறது.

ஆகவே சேகரிப்போர் விட்டுவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. துருவை நீக்குகிறேன் என்று அலகை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவதும், மங்கிய முத்திரையை மீண்டும் வெட்டித் தெளிவாக்குவதும் அசலையே போலியின் தோற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும். பழைய மசகைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, எல்லா முத்திரைகளையும் படமெடுத்துப் பதிந்து வையுங்கள். அடுத்து ஆராய வருபவருக்கு அந்தத் தேய்மானமே முதற்சான்று.