கணினிச் சீட்டாட்டங்களின் மேசை வடிவம்

கணினிச் சீட்டாட்டத்தின் மேசை வடிவம் என்பது கணினியிலோ செல்பேசியிலோ ஆடுவதற்காக உருவாக்கப்பட்ட ஒரு சீட்டாட்டத்தை, அச்சிட்ட சீட்டுக்களைக் கொண்டு நேரில் அமர்ந்து ஆடும் வகையில் மாற்றியமைப்பதாகும். பதிப்பு நிறுவனங்கள் இதனை வணிக நோக்கில் செய்கின்றன. ஆர்வலர்கள் நண்பர்களுடன் ஆடுவதற்காக வீட்டிலேயே செய்துகொள்வதும் உண்டு.

கணினி ஆட்டத்தில் சீட்டுக்களைக் கலைத்தல், கணக்கிடுதல், நினைவில் வைத்தல், மறைத்தல், விதிமீறலைத் தடுத்தல் ஆகிய பணிகளை மென்பொருள் செய்கிறது. மேசையில் இவற்றை ஆட்டக்காரர்களே செய்ய வேண்டும். ஆகவே எப்பணியைக் கையால் செய்வது, எதைச் சுருக்குவது, எதைக் கைவிடுவது என்பதே இம்மாற்றத்தின் அடிப்படைக் கேள்வியாகும்.

கணக்கைச் சுருக்குதல்

ஸ்லே த ஸ்பையர் என்பது மெகா கிரிட் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்ட, ஒருவர் மட்டும் ஆடும் கணினி ஆட்டமாகும். இதன் மேசை வடிவத்துக்கு 2022இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டப்பட்டது. கன்டென்சன் கேம்ஸ் நிறுவனம் 2024இல் இதனை வெளியிட்டது. இதனை நால்வர் வரை ஓரணியாகச் சேர்ந்து ஆடலாம். கணினியில் அடிப்படைத் தாக்குதல் சீட்டின் மதிப்பு 6, தற்காப்புச் சீட்டின் மதிப்பு 5. மேசை வடிவில் இரண்டின் மதிப்பும் 1 ஆகும். எண்கள் சிறியனவாதலால் காய்களை நகர்த்தியே கணக்கு வைக்க முடிகிறது. எனினும் 6, 5 போன்ற நுண்ணிய வேறுபாடுகள் இதனால் மறைந்துவிடுகின்றன.

இத்தகைய சுருக்கம் மரபான சீட்டாட்டங்களிலும் காணப்படுவதே. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஆடப்படும் முன்னூற்று நான்கு ஆட்டத்தில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என மதிப்புப் பெறுகின்றன. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனங்களுக்கும் 304 புள்ளிகள் ஆகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்ததும் கேரளத்தில் பரவலாக ஆடப்படுவதுமான இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கி 3, ஒன்பது 2, ஏஸ் 1, பத்து 1 மட்டுமே. சீட்டுக்களின் வலிமை வரிசை இரண்டிலும் ஒன்றே; கூட்டல் மட்டும் எளிதாகிறது.

நினைவில் வைத்தல்

1993இல் வெளிவந்த மேஜிக்: த கேதரிங் அச்சுச் சீட்டாட்டத்தில் உயிரிகள் அடைந்த சேதம் ஒவ்வொரு முறையின் முடிவிலும் நீங்கிவிடும். ஆட்டக்காரர் எதையும் குறித்து வைக்க வேண்டியதில்லை. 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் கணினி ஆட்டத்தில் சேதம் நிலைத்து நிற்கும். இதனை மேசைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு சீட்டின் மீதும் காய்களோ பகடைகளோ வைக்க வேண்டியிருக்கும். ஆட்டத்தின் நடுவே சீட்டின் தன்மை மாறுவது மற்றொரு சிக்கல். ஸ்லே த ஸ்பையர் மேசை வடிவில் சீட்டின் இருபுறமும் அச்சிட்டு, மேம்படும்போது உறைக்குள் திருப்பி வைக்கும் முறை கையாளப்படுகிறது.

தற்செயல்

ஹார்த்ஸ்டோனில் ஒருவரது கட்டில் இல்லாத சீட்டுக்களிலிருந்தும் மூன்றைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் விதி உண்டு. மேசையில் இதற்குப் பொதுவான சிறு கட்டு ஒன்றை ஒதுக்கலாம். ஸ்லே த ஸ்பையர் மேசை வடிவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு பகடை உருட்டப்படுகிறது. எதிரிகள் பலரின் செயலையும் சில பொருள்களின் பயனையும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது.

கலைத்தலும் கருதத்தக்கது. 52 சீட்டுக்கள் கொண்ட கட்டை இரண்டாகப் பிரித்துக் கோத்துக் கலைக்கும் முறையில் ஏறத்தாழ ஏழு முறை கலைக்க வேண்டும் என பேயர், டயாக்கோனிஸ் ஆகிய கணிதவியலாளர்கள் 1992இல் காட்டினர். அடிக்கடி கலைக்கப்படும் ஆட்டங்களில் கட்டு சிறியதாக இருப்பது நன்று.

மறைத்தலும் நம்பிக்கையும்

கணினியில் தவறான சீட்டை இறக்கவே இயலாது. மேசையில் இயலும். முன்னூற்று நான்கு ஆட்டத்தில் கேள்வியில் வென்றவர் தம் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அது துருப்பா என்பதைத் துருப்பு வைத்தவரே பார்த்துச் சொல்வார். கணினியில் வழங்கி செய்யும் நடுவர் பணியை இங்கு வெற்றி தோல்வியில் பங்குள்ள ஓர் ஆட்டக்காரரே செய்கிறார். கவிழ்த்த சீட்டுக்கள் மேசையிலேயே இருப்பதால், அவர் சொன்னதைப் பின்னர் சரிபார்க்கலாம். மறைவான தகவல் உள்ள ஆட்டங்களை மாற்றுவோர் இவ்வாறு பின்னர் சரிபார்க்கும் வழியை விட்டுவைத்தல் வேண்டும். இல்லையெனில் ஒரு சிறு தவறும் நண்பர்களிடையே மனத்தாங்கலாக முடியலாம்.

வீட்டில் செய்யும் முறை

வணிகச் சீட்டுக்களின் வழமையான அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டுக்களை அச்சிடலாம். சாதாரணத் தாளில் அச்சிட்டு வெட்டி, பழைய சீட்டு ஒன்றுடன் நெகிழி உறையில் இட்டால் பின்புறம் ஒன்றுபோல் இருக்கும். முதலில் கையால் எழுதிய சீட்டுக்களைக் கொண்டு ஆடிப் பார்ப்பது நல்லது. எங்கே கணக்குத் தடுமாறுகிறது, எந்த விதி மறக்கப்படுகிறது என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

பதிப்புரிமை

ஆட்டமுறை என்னும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஓவியங்களுக்கும் எழுதப்பட்ட வாசகங்களுக்கும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. மூல ஓவியங்களுடன் சீட்டுக்களை அச்சிட்டு விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை.

இவற்றையும் பார்க்க

முன்னூற்று நான்கு
இருபத்தெட்டு (சீட்டாட்டம்)