மோட்டரை எங்கே வைப்பது? மலைப்பாதைக்கு வந்த மின் சைக்கிளின் கதை

மின் சைக்கிள் விளம்பரங்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வாற்றுத்தான். 250, 500, 750, 1000. எண் கூடக்கூட விலையும் கூடும், ஆசையும் கூடும். லீவு நாளில் காட்டுப்பாதை, மலைப்பாதை என்று ஓடித்திரிய ஒரு மின் சைக்கிள் எடுக்கலாமா என்று யோசிக்கிற கனபேர் எங்களைச் சுற்றி இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எது கூடப் பவர்?"

அதற்கு முதல் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன என்று நாங்கள் நினைக்கிறோம். மோட்டர் சைக்கிளின் எந்த இடத்தில் இருக்கிறது? அதைக் கட்டுப்படுத்துவது காலா, கையா? அந்த வண்டியை நாங்கள் கொண்டுபோகிற பாதை யாருடையது? மூன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அதை வாசித்தால் கடையில் நின்று குழம்பவேண்டி வராது.

மின் சைக்கிள் புதுச் சாமான் என்று நினைப்பது பிழை. 1895 டிசம்பர் 31ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒக்டன் போல்ற்றன் என்பவருக்கு மின் சைக்கிளுக்கான காப்புரிமம் கிடைத்தது. அவருடைய வரைபடத்தில் மோட்டர் பின் சில்லின் நடுக்குடத்துக்குள் இருந்தது. பற்றரி சட்டகத்தின் நடுவில் தொங்கியது. கியர் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1897இல், பொஸ்ரன் நகரத்தின் ஹொசியா லிபி இன்னொரு வடிவத்துக்குக் காப்புரிமம் எடுத்தார். அவர் மோட்டரைப் பெடல் அச்சு இருக்கிற நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்குச் சந்தையில் இருக்கிற பெரிய பிரிவும் இதுதான்: சில்லு மோட்டரா, நடு மோட்டரா? 19ஆம் நூற்றாண்டு முடிய முன்னமே இரண்டு விடையும் தாளில் எழுதப்பட்டுவிட்டன.

பிறகு ஏன் இவ்வளவு காலம் ஒன்றும் நடக்கவில்லை? பற்றரிதான் காரணம். அந்தக் காலத்து ஈயப் பற்றரிக்குப் பாரம் கூட, கொள்ளளவு குறைவு. அதே நேரத்தில் பெற்றோல் எஞ்சின் மலிவாகி மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. வேகம் வேண்டியவர்கள் அதற்குப் போனார்கள், காசு குறைந்தவர்கள் சாதாரண சைக்கிளை உழக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற மின் சைக்கிளைத் தேட ஆளில்லை.

இதற்கிடையில் மலைப்பாதைச் சைக்கிள் வேறொரு பக்கத்தால் வளர்ந்துகொண்டிருந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்த பழைய, தடித்த ரயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மண்பாதைகளில் மலையிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். 1976 ஒக்ரோபரில் அங்கே 'ரீபக்' என்ற போட்டி ஆரம்பமானது. சுமார் மூன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 400 மீற்றர் இறக்கம். பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். போட்டிக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அந்தப் பழைய வண்டிகள் 20 கிலோவுக்கு மேல் நிறுத்தன. இறக்கத்தில் பறக்கலாம், ஏற்றத்தில் தள்ளவேண்டும், இல்லாவிட்டால் யாருடையதோ பிக்கப்பில் ஏற்றவேண்டும். 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் மலைச் சைக்கிளைத் தொழிற்சாலை அளவில் விற்கத் தொடங்கியது.

வண்டி பெருகினதும் சண்டையும் வந்தது. நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும், "வளைவில திடீரெண்டு வந்து விழுறாங்கள்" என்கிற மாதிரி முறையிட்டார்கள். மரினிலேயே பல ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டம் இயந்திரப் போக்குவரத்தைத் தடைசெய்திருந்தது. 1984இல் அந்நாட்டு வனச் சேவை அந்தத் தடைக்குள் சைக்கிளும் அடங்கும் என்று தெளிவாக்கியது. 1988இல் மலைச் சைக்கிள் ஓட்டிகள் தங்களுக்கென்று சர்வதேச சங்கம் அமைத்து, பாதைகளைத் தாங்களே திருத்திக்கொடுத்து, பாதை உரிமைக்காகப் பேசத் தொடங்கினார்கள். "நாங்கள் மோட்டார்சைக்கிள்காரர் இல்லை, எங்களிடம் எஞ்சின் இல்லை" என்பதுதான் அவர்களுடைய பலமான வாதம். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு உதவும்.

அடுத்த திருப்பம் யப்பானில் நடந்தது. 1993இல் யமஹா 'பாஸ்' என்ற சைக்கிளை வெளியிட்டது. அதன் மோட்டரைத் தனியாக ஓடவிட முடியாது. பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு உணரி அளக்கும், அந்த அளவுக்கு மோட்டர் கைகொடுக்கும், காலை நிறுத்தினால் மோட்டரும் நிற்கும். அன்றைய யப்பான் விதிப்படி மணிக்கு 15 கிலோமீற்றர் வரைக்கும் காலுக்குச் சமமான உதவி கிடைக்கும். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போய் 24இல் உதவி இல்லாமல் போகும். இதனால் அது மோட்டார் வண்டி ஆகாமல் சட்டப்படி சைக்கிளாகவே நின்றது. ஈயப் பற்றரியோடு வந்த அந்த வண்டி மலை ஏறுவதற்காகச் செய்யப்பட்டதில்லை, அன்றாடப் பயணத்துக்குச் செய்யப்பட்டது. ஆனால் 'கால் முதலில், மோட்டர் பிறகு' என்ற சிந்தனை அங்கேதான் உறுதியானது.

1991இல் சோனி வர்த்தகத்துக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பற்றரி மெல்ல மெல்லச் சைக்கிளுக்கு வந்து, பாரப் பிரச்சினையைக் குறைத்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியை எழுதியது: 250 வாற்றுக்கு மேற்படாத மோட்டர், உழக்கினால் மட்டும் உதவி, 25 கிலோமீற்றர் வேகத்தில் உதவி நிற்கவேண்டும். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 2010இல் தன் நடு மோட்டரைக் காட்டியது. அதே காலத்தில் ஹைபைக் நிறுவனம் அந்த மோட்டரோடு மலைச் சைக்கிளைக் கொண்டுவந்தது. லிபியின் இடமும் யமஹாவின் சிந்தனையும் மரினின் தடித்த ரயரும் ஒரே சட்டகத்தில் சேர்ந்தன. 2019இல் கனடாவின் மொன்ட் செயின்ற் ஆனில் மின் மலைச் சைக்கிளுக்கு முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடந்தது.

இப்போது அந்தப் பழைய வாதத்துக்கு வருவோம். "எங்களிடம் எஞ்சின் இல்லை" என்று சொல்லிப் பாதை கேட்டவர்களின் நடுவில் மோட்டர் வந்து நின்றது. எதிர்த்தவர்களில் மலைச் சைக்கிள்காரர்களும் இருந்தார்கள். கஷ்டப்பட்டு எடுத்த உரிமை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. கலிபோர்னியா 2015இல் நிறைவேற்றிய சட்டம் மின் சைக்கிளை மூன்றாகப் பிரித்தது. முதல் வகை, உழக்கினால் மட்டும் 32 கிலோமீற்றர் வேகம் வரை உதவி. இரண்டாவது, அதே வேகம், ஆனால் கையால் முறுக்குகிற அக்சிலேற்றர் உண்டு. மூன்றாவது, உழக்கினால் 45 வரை. பிறகு வேறு பல மாநிலங்களும் இந்தப் பிரிப்பைப் பின்பற்றின. 2019 ஓகஸ்டில் அமெரிக்க உள்துறை அமைச்சு, தன் நிலங்களில் சைக்கிள் போகிற இடத்துக்கு மின் சைக்கிளையும் விடலாம் என்று உத்தரவு போட்டது. சூழல் அமைப்புகள் வழக்குக்குப் போயின. மலைச் சைக்கிள் சங்கம் ஒறிகன் மாநிலத்தில் மண்பாதையொன்றில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதல் வகை மின் சைக்கிள் மண்ணைப் பெயர்த்த அளவு சாதாரண மலைச் சைக்கிளுக்குக் கிட்ட நின்றது. மோட்டார்சைக்கிள் பெயர்த்தது இரண்டையும்விட மிகக் கூட.

இவ்வளவு கதையும் கடையில் நிற்கிற உங்களுக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, மோட்டரின் இடம். சில்லு மோட்டர் மலிவு, செயினைத் தேய்க்காது, சமதரை றோட்டுக்கு நல்லது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் சில்லு மெதுவாகச் சுற்றும்போது மோட்டரும் மெதுவாகச் சுற்றும். மின்சாரம் இழுபடும், வேலையாக மாறாமல் சூடாகப் போகும். நடு மோட்டர் செயினுக்கு முன்னால் இருப்பதால் சைக்கிளின் கியரை அதுவும் பயன்படுத்தும். கியரை இறக்கினால் மோட்டர் தனக்கு வசதியான வேகத்தில் சுற்றிக்கொண்டே ஏறும். பாரமும் நடுவில் கீழே நிற்கும். விலை கூட, செயினும் பல்லுச்சக்கரமும் கெதியாய்த் தேயும், அதையும் கணக்கில் எடுங்கள். ஏற்றம் உள்ள மண்பாதைதான் உங்கட ஆசை என்றால் நடு மோட்டர்தான் பொருத்தம்.

இரண்டாவது, உணரி. மலிவான வண்டிகள் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். சுற்றினால் மோட்டர் சட்டென்று தள்ளும். றோட்டில் பரவாயில்லை, ஈர மண்ணிலும் சரளைக் கல்லிலும் பின் சில்லு வழுக்கும். கால் அழுத்தத்தை அளக்கிற உணரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 250 வாற்று மோட்டரோடு நல்ல உணரி இருந்தால், உணரி சரியில்லாத 750 வாற்று வண்டியைவிட அது பாதையில் சொல்வழி கேட்கும்.

மூன்றாவது, பற்றரி. வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கினால் வாற்று மணி வரும். 36 வோல்ற்று, 14 அம்பியர் மணி என்றால் 504. இதை ஏற்றக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, ஏறவேண்டியது 1000 மீற்றர் உயரம். அதற்குக் குறைந்தது 272 வாற்று மணி சக்தி வேண்டும். பாதியைக் கால் கொடுத்தால், மோட்டரில் வீணாகிறதையும் சேர்த்து, பற்றரியில் சுமார் 170 போகும். கால் ஒன்றுமே கொடுக்காவிட்டால் 340. கரடுமுரடான பாதை இதற்கு மேலும் கொஞ்சம் தின்னும். ஆகவே உங்கட கால்தான் உங்களிடம் இருக்கிற இரண்டாவது பற்றரி. இன்னுமொன்று, வழியில் பற்றரி முடிந்தால் இருபத்திச் சொச்சம் கிலோ வண்டியை வீடுவரை உழக்கமுடியுமா என்று வாங்க முதல் ஓடிப்பாருங்கள். அந்தப் பாரத்தை இறக்கத்தில் நிறுத்த எண்ணெய் அழுத்த டிஸ்க் பிரேக் வேண்டும். ரீபக்கில் புகைந்த கிறீஸை மறக்கவேண்டாம்.

நான்காவது கேள்வி எங்கட நாட்டுக்கு உரியது. 90களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிட்டுவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, ரைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்ட தலைமுறை எங்களுக்கு முந்தியது. மின்சாரத்துக்கும் பெடலுக்கும் இருக்கிற உறவு எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. மலைப்பாதை என்றால் மலையகம்தான். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீகோ நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி தேயிலையை வெளியே கொண்டுவரப் போட்ட பழைய தோட்டப் பாதைகள். இன்றைக்கும் அந்தத் தோட்டங்களில் கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், லயத்துக்கு முன்னால் கிழவிகள் இருந்து கதைக்கிறார்கள். எங்களுக்கு லீவு நாள் பாதை, அவர்களுக்கு வீட்டு வாசல்.

மரினில் பாதைகள் மூடப்பட்டதற்கு வண்டி மட்டும் காரணம் இல்லை. நடந்துபோனவர்களை ஓட்டியவர்கள் கணக்கில் எடுக்காததும்தான். தோட்டப் பாதையில் ஒரு ஆத்தா சுமையோடு எதிரே வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். கைமுறுக்கு அக்சிலேற்றர் வண்டியைத் தோட்டப் பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள். கட்டுப்பாட்டை நீக்கி வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்றத்தைச் செய்தபிறகு உங்களிடம் இருப்பது பெடல் பூட்டிய மோட்டார்சைக்கிள். அதற்குப் பாதையை மூடினால் பின்னால் சாதாரண சைக்கிளில் வருகிறவனுக்கும் சேர்த்துத்தான் மூடுவார்கள்.